காத்திருப்போர் குழு

"மேடம், என்னை தீசிஸ்லேருந்து எடுத்துட்டு புராஜெக்ட்டுக்கு மாத்திடுங்க."

கேட்டே விட்டேன். துறையில் சேர்ந்த புதிதிலேயே சீனியர் அக்காக்கள் காதில் ஓதி அனுப்பியிருந்தார்கள். நெறியாளர் அறைக்குள் போய் லீவு கேள், மார்க் கேள், வேண்டுமானால் உட்கார்ந்து அழு. புராஜெக்ட் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே.

சமூகப் பணி முதுகலையில் பட்டத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தீசிஸ், ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவது. இன்னொன்று புராஜெக்ட். ஏதாவது ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து, ஆட்களுக்கு நேரடியாக ஓர் உதவித் திட்டத்தை நடத்திவிட்டு, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அறிக்கை கொடுப்பது. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண், ஒரே பட்டம். கையேட்டை யார் படிக்கிறார்கள்? புராஜெக்ட் என்றால் பெயிலானவர்கள், பிள்ளை பெற்றுக்கொண்டு பாதியில் வந்தவர்கள், நாலு வரி கோவையாக எழுத வராதவர்கள் உட்காரும் கடைசி பெஞ்ச் என்றுதான் பேச்சு. நன்றாகப் படிக்கிற பெண் போய் அதைக் கேட்பது நெறியாளர் முகத்தில் தண்ணீரை ஊற்றுவது மாதிரி.

என் நெறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். "வெளிய மழை மேடம்" என்றால்கூட, யார் சொன்னது, எந்த வருடம் என்பார்.

"ஏன்?" என்றார். கண் கணினித் திரையை விட்டு வரவில்லை.

"தையல்காரம்மாவுக்கு உதவணும் மேடம்."

"யாரு அது?"

"காத்திருப்போர் குழு. பதினேழாம் நம்பர்."

நம்பரைச் சொன்னதும்தான் அவருக்கு ஆள் பிடிபட்டது.

பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. பாதிப் பேருக்கு உதவித் திட்டம் உண்டு. வாரம் ஒரு முறை நான் போவேன். இடுப்பு ஒடியாமல் நோயாளியைப் புரட்டுவது எப்படி என்று காட்டுவேன், அவர்கள் கொட்டுவதையெல்லாம் கேட்பேன். அதைவிடப் பெரிய விஷயம், மறுவாழ்வு மையத்திலிருந்து ஒரு தன்னார்வலர் வந்து நோயாளியோடு நாலு மணி நேரம் உட்காருவார். அந்த நாலு மணி நேரம் அந்தப் பெண் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதுவும் செய்யாமல் இருக்கலாம். மீதிப் பாதிப் பேர் காத்திருப்போர் குழு. அவர்களுக்கு இதெல்லாம் ஆய்வு முடிந்த பிறகுதான். அதுவரை அவ்வப்போது ஒரு சனிக்கிழமை போய் ஒரு கேள்வித்தாளை மட்டும் நிரப்பி வாங்கிக்கொண்டு வர வேண்டும். உதவக் கூடாது. உதவினால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. யாருக்கு எந்தக் குழு என்பது சீட்டுக் குலுக்கல். ஒட்டிய உறையை அவர்களே எடுத்து, அவர்களே பிரிக்க வேண்டும்.

தையல்காரம்மா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது நினைவிருக்கிறது. "எங்க போனாலும் எனக்கு வரிசையில கடைசி இடந்தான். பரவாயில்ல, கேளு."

சந்துக்குள் ஒற்றை அறை வீடு. ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் தையல் மிஷின். நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். பேண்ட் கீழ்மடிப்பு, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, இதுதான் தொழில். மிதியை மிதித்துக்கொண்டே கட்டிலைப் பார்த்துக்கொள்வார். அவர் கணவருக்கு வலது பக்கம் விழுந்து நாலு வருடம். பேச்சு போய் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது: சரி. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, திட்டினாலும் சரி.

"பாத்தியா கேள்விப் பாப்பா," என்றார் முதல் நாளே. எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் எது சொன்னாலும் ஒரு தடவை சரின்னு சொன்னதில்ல இந்த மனுஷன். இப்ப எல்லாத்தையும் சேர்த்து வெச்சுச் சொல்றார்."

"சரி," என்றார் கட்டிலில் இருந்தவர்.

"அக்கா, கேள்விக்கு வருவோமா? அவரைப் பார்க்கும்போது கோபம் வருதா? ஒருபோதும் இல்லை, எப்பவாவது, சில நேரம், அடிக்கடி, எப்பவும். இதுல ஒண்ணு சொல்லுங்க."

"இப்பவேன்னு ஒண்ணு இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப எப்பவும்னு போடு."

முதல் தடவை முழுக்க இப்படித்தான். இரண்டாம் தடவை சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு, "அது எப்படி இருக்கும்னு நீ சொல்லு, கேட்டுக்கறேன்," என்றார். கணவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கத்துகிறாராம். கிளம்பும்போது வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நாலு மணி நேர ஆளு, என் முறை எப்ப வரும்?" ஆய்வு முடிந்ததும் என்றேன். "எப்ப முடியும்?" பரீட்சைக்கு முன்னால் என்றேன். "உன் பரீட்சையா, என் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் தடவை போனபோது மிஷின் மேல் துணி மூடியிருந்தது. கேள்விக்கு வருவோம் என்று அவரே ஆரம்பித்தார். கோபம் வருதா? ஒருபோதும் இல்லை. இன்னும் எத்தனை நாள் தாங்குவோம் என்று பயமா இருக்கா? ஒருபோதும் இல்லை. உங்க வாழ்க்கை உங்க கையில இல்லைன்னு தோணுதா? ஒருபோதும் இல்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் அதே. முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கட்டில் பக்கமிருந்து வாடை வந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். முதுகின் அடியில் படுக்கைப் புண் வாய் பிளந்திருந்தது. புரட்டிப் போட்டுப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

இதைத்தான் அடிக்குறிப்பிடம் சொன்னேன். அவர் திரையில் பதினேழாம் நம்பரின் வரைபடம் இருந்தது. கோடு மேலே ஆரம்பித்துத் தடாலென்று கீழே இறங்கியிருந்தது.

"சுமை குறைஞ்சிருக்கு," என்றார். குரலில் நிஜமான ஆர்வம். "உதவி இல்லாமலே குறைஞ்சிருக்கு. தானா பழகிக்கிட்டாங்க. இது முக்கியமான கண்டுபிடிப்பு."

"பழகல மேடம். விட்டுட்டாங்க. அவங்க ஏதோ பண்ணிக்கப் போறாங்க. இல்ல, அவரை ஏதோ பண்ணப் போறாங்க."

"ஆதாரம்?"

"நான் பார்த்தேன்."

"நீ பார்த்தது ஆதாரமில்ல. அவங்க சொன்னது ஆதாரம். அவங்க என்ன சொன்னாங்க? ஒருபோதும் இல்லை."

"அப்ப மையத்துக்காவது சொல்லி ஒரு ஆளை அனுப்பலாமே?"

"பரிந்துரை எழுதிக் கொடு. அதுக்கு அனுமதி இருக்கு."

"கொடுத்தேன் மேடம். தன்னார்வலர் யாரும் காலி இல்லைங்கறாங்க. எல்லாரையும் நாமதான் எடுத்து வெச்சிருக்கோம். நம்ம ஆய்வுக்கு."

அவர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். கெட்ட பொம்பளை இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். களைத்த பொம்பளை. "இங்க பாரு. இந்த முடிவு நல்லபடி வந்தா அரசாங்கம் இந்தத் திட்டத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோகும். ஒரு அம்மாவுக்காக ஆயிரம் அம்மாவை விடச் சொல்றியா? உனக்கு மனசு கேக்கலேன்னா பதினேழை எடுத்துடு. 'பாதியில் விலகியவர்'னு ஒரு வரி எழுதினா போதும். ஆய்வுக்குப் பங்கம் இல்ல."

"அவங்க எங்க மேடம் விலகினாங்க? நாமதானே விலக்கறோம்?"

"புராஜெக்ட்டுக்கு மாற தேதி முடிஞ்சு போச்சு. போய் எழுதற வேலையைப் பாரு."

வீட்டுக்குப் போனேன். அப்பா பணிமனையில் பேருந்து கழுவுகிறவர். கை விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். தீசிஸ் என்றால் புத்தகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பணிமனையில் ஓட்டுநர், நடத்துநர் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார், என் பொண்ணு புத்தகம் போடறா என்று.

"அட்டையில பேர் போடுவாங்கதானேம்மா?"

"போடுவாங்கப்பா."

"என் பேரும் வருமா?"

"இவ பேரே வருமான்னு பாருங்க," என்றான் அண்ணன். "மூஞ்சியைப் பார்த்தா அடிச்சுத் துரத்தின மாதிரி இருக்கு."

அம்மா சலவைக்கடைத் துணியை மடித்துக்கொண்டே, "எதுனாலும் வாயை மூடிக்கிட்டு எழுதி முடிச்சிடு. நியாயம் பேசறதை வேலைக்குப் போனப்புறம் பேசிக்கலாம்," என்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரியான இடத்தில்தான் கை வைத்தாள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

சனிக்கிழமை காலை, ஆய்வும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், நானே நாலு மணி நேரம் உட்காருகிறேன் என்று கிளம்பிப் போனேன். தையல்காரம்மா வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. தட்டினேன்.

உள்ளேயிருந்து, "சரி."

"அக்கா இருக்காங்களா?"

"சரி."

பக்கத்து வீட்டு வெல்டரைக் கூப்பிட்டேன். அந்தம்மாவை நேற்று மத்தியானத்திலிருந்து காணவில்லை, கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன் என்றார். பூட்டை உடைக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. உள்ளே போன மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் சரி, சரி, சரி என்றார். அந்த வார்த்தை அழுகையாகவும் இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். திங்கட்கிழமை தையல்காரம்மாவைக் கண்டுபிடித்தார்கள். எங்கேயும் தப்பி ஓடவில்லை. ஏதோ ஓர் ஊர்ப் பேருந்து நிலையத்தில், காத்திருக்கும் அறையின் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

செவ்வாய்க்கிழமை காலை காவல் நிலையத்துக்குப் போனேன். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நாலாவது தடவைக்கா வந்தே கேள்விப் பாப்பா? பேனாவை எடு," என்றார்.

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "ஏன்க்கா அன்னிக்கு எல்லாத்துக்கும் ஒருபோதும் இல்லைன்னு சொன்னீங்க?"

"நிஜத்தைத்தானே சொன்னேன்? போயிடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்புறம் எனக்கு என்ன பயம், யார் மேல கோபம்?" குரலைத் தாழ்த்தினார். "சாகடிக்கணும்னு இல்ல பாப்பா. நீ சனிக்கிழமை வருவேன்னு நினைச்சேன். வருவேதானே? ஆனா அதையும் சத்தியமா நினைச்சேனான்னு தெரியல. தூக்கம் வந்துச்சு. அவ்வளவுதான்."

புகார் கொடுத்தவர் நோயாளியின் தம்பி. நாலு வருடமாக அந்தச் சந்துக்குள் தலைகாட்டாத ஆள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைக் கொல்லத் திட்டம் போட்டுப் பூட்டினாள் என்று எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எங்கள் துறையிலிருந்து கேள்வித்தாள்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். மூன்றாவதைத் தூக்கிக் காட்டினார். "படிச்சவங்க வந்து கேட்டிருக்கீங்க. கஷ்டமில்ல, பயமில்ல, கோபமில்லன்னு சொல்லியிருக்கு. அப்ப நிதானமா யோசிச்சுத்தான் பூட்டியிருக்கு. இல்லையா?"

என் கையெழுத்துதான். கோணாமல் ஒரே நேர்கோட்டில் நான் போட்ட டிக்குகள். தையல்காரம்மாவுக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நான் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டின் நிலையை நேரில் பார்த்தேன், ஆபத்து என்று போன புதன்கிழமையே நெறியாளரிடம் சொன்னேன், ஆய்வு கெடும் என்று உதவி மறுக்கப்பட்டது, இருந்த தன்னார்வலர்களையெல்லாம் எங்கள் ஆய்வே பிடித்து வைத்திருந்தது. எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார்.

"இதனால அந்தம்மா வெளிய வந்துடும்னு நினைக்காதே. கொஞ்சம் குறையலாம். குறையாமலும் போகலாம். உனக்கு மட்டும் நிச்சயமா அடி விழும். சாயந்தரம் வரைக்கும் என் மேஜையிலதான் இருக்கும். மனசு மாறினா வந்து சொல்லு."

மத்தியானம் துறைத் தலைவர் கூப்பிட்டார். போனால், மேஜை மேல் எனக்கு டீ தயாராக இருந்தது. இரண்டு வருடத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலிகூடக் கிடைத்ததில்லை. அடிக்குறிப்பு ஓரமாக உட்கார்ந்து தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காரும்மா. எப்படி இருக்கே? பயந்துட்டியா?" தலைவர் குரலில் தேன் வடிந்தது. "நடந்தது நடந்துபோச்சு. மேடம் எல்லாம் சொன்னாங்க. நீ புராஜெக்ட் கேட்டியாமே? தாராளமா எடுத்துக்கோ. தேதி எல்லாம் நாம வெச்சதுதானே. போன மாசமே மாறின மாதிரி போட்டுடலாம். இந்த ஆய்வுக் கோப்பை மூடிடறோம். பட்டம் உன் வகுப்போட சேர்ந்தே வந்துடும்."

புராஜெக்ட். கேட்கக் கூடாத வார்த்தை, இப்போது டீயோடு சேர்த்து வருகிறது. போன புதன்கிழமை இதைக் கொடுத்திருந்தால் தையல்காரம்மா இன்று மிஷினில் உட்கார்ந்து யாருடைய பேண்டையோ சுருக்கிக்கொண்டிருப்பார்.

"அப்ப ஆய்வுன்னு ஒண்ணு நடக்கவே இல்லையா சார்?"

"முடிவடையலேம்மா. அவ்வளவுதான்."

"காத்திருப்போர் குழு?"

"அதுவும் இல்ல."

"மீதி இருக்கறவங்க? ஆய்வு முடிஞ்சதும் உங்களுக்கு ஆள் வரும்னு அவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேனே."

அவர் அடிக்குறிப்பைப் பார்த்தார். அடிக்குறிப்பு யாரையும் பார்க்கவில்லை. "அதை... அப்புறம் யோசிக்கலாம்," என்றார் தலைவர். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "ஒரு சின்ன கையெழுத்து. கேள்வித்தாள் வாங்கப் போனப்ப உன் கண்ணுக்கு ஆபத்தா எதுவும் படல, அதனால யார்கிட்டயும் எதுவும் சொல்லல. அவ்வளவுதான். துறையையும் காப்பாத்தும், உன்னையும் காப்பாத்தும்."

"நான் சொன்னேனே மேடம்," என்றேன் அடிக்குறிப்பிடம். "உங்ககிட்டதானே சொன்னேன்."

அவர் வாயைத் திறந்தார். எனக்குப் பைத்தியக்கார நம்பிக்கை ஒன்று எட்டிப் பார்த்தது. "கையெழுத்துப் போட்டுடும்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. "உங்கப்பா போன் பண்ணியிருந்தார். புத்தகம் எப்ப வரும்னு கேட்டார்."

அதை ஏன் அவர் சொன்னார்? மிரட்டலா, இரக்கமா? எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிப்போன மனுஷியாகத்தான் அவர் எனக்குத் தெரிந்தார். அந்த அறையில் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்தால் நானும் அப்படித்தான் ஆவேன். ஆகாமலிருக்க நான் என்ன வேறு மண்ணா?

தாளைத் திருப்பி வைத்தேன்.

"காலையிலேயே வாக்குமூலம் கொடுத்துட்டேன் சார்."

தலைவரின் முகம் சட்டென்று மாறியது. "வாபஸ் வாங்கலாமா? நேரம் இருக்கா?"

"இருக்கு. சாயந்தரம் வரைக்கும்."

"அப்ப என்ன, நான் வண்டி எடுக்கச் சொல்றேன்."

"வேண்டாம் சார்."

"நல்லா யோசிச்சுக்கோ. இங்க எந்த வழியிலயும் உனக்குப் பட்டம் கிடையாது. தீசிஸும் இல்ல, புராஜெக்டும் இல்ல. எந்த நிறுவனமும் உன்னை வாசல்ல சேர்க்காது. யாருக்காக? அந்தப் பொம்பளை எப்படியும் ஜெயிலுக்குத்தான் போகப்போகுது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் கொடுமை. நான் எழுதிக் கொடுத்ததால் தையல்காரம்மா வெளியே வரப்போவதில்லை. கட்டிலில் கிடப்பவரைத் தம்பி கூட்டிக்கொண்டு போகப்போவதில்லை. வரிசையில் நிற்கும் மற்ற பெண்களுக்கு ஒருத்தரும் வரப்போவதில்லை, இப்போது கேள்வி கேட்கக்கூட. பணிமனையில் அப்பா இனி எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று நான் அவருக்குச் சொல்லித்தர முடியாது.

எழுந்தேன். டீயில் ஆடை படிந்திருந்தது. தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், என் பெயருக்குப் பதிலாக "நன்றி கெட்டதுங்க" என்று பன்மையில். எங்கள் மாதிரி வீட்டிலிருந்து வருகிற எல்லோரையும் சேர்த்துச் சொல்கிறார் போலிருக்கிறது. கதவைச் சாத்தவில்லை. படியிறங்கும்போது முதல் வருடப் பெண்கள் இரண்டு பேர் தீசிஸ் தலைப்பு எழுதிய தாளோடு மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, அடிக்குறிப்பு மூடு எப்படி?"

ஒதுங்கி வழிவிட்டேன். வெளியே வெயிலில் கண் கூசியது. காவல் நிலையம் இடது பக்கம். பணிமனை வலது பக்கம். நான் வலது பக்கம் நடந்தேன், அப்பாவின் ஷிப்ட் முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று.